படம் வந்து சேரும்வரை

தர்ஷினியைத் தெரிந்தவர்களே, இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நாளை பள்ளிக்கூட அஞ்சலிக் கூட்டத்தில் நான் வாசிக்கப்போவது வேறு.

வியாழக்கிழமை காலை, தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போன அம்மா பாதியிலேயே திரும்பி ஓடிவந்தாள். "தர்ஷினி போயிட்டாடி!" குடல்வால் வெடித்ததாம். மண் சரிந்து ஸ்பிரிங்வெளிப் பாதை மூடிக்கிடந்ததால், பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவே விடிந்துவிட்டதாம். "அப்படியொரு புள்ள இனிப் பொறக்குமா?" என்று அம்மா என்னைப் பார்த்தே அழுதாள். எனக்கு அழுகைக்கு முன்னால் பொறாமைதான் வந்தது.

எங்கள் வகுப்பில் இயந்திரக் கை செய்தவள் அவள். தூரத்து டாக்டர் ஒருவர் இணையம் வழியாக அறுவை சிகிச்சை செய்வதைக் காட்டும் மாதிரி அது. கை பதுளையில், பள்ளி ஆய்வுகூட மேசையில் இருக்கும். அவள் பசறையில், மாமாவின் போன் கடையில் இருப்பாள். அங்கிருந்தே, கீறிய வாழைப்பழத் தோலைத் தைத்துவிடுவாள். நான் தைத்தால் தோல் கிழியும்.

"கைய அசைச்சா படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதுக்குள்ள இன்னொருக்கா அசைச்சா ரெண்டு வெட்டு விழும்டி, அவசரக்குடுக்க!" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

மாகாணக் கண்காட்சிக்கு எங்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்த நாளில், மேசையருகே கமரா போனைப் பிடித்திருந்தவள் நான். கை ஓடுவது பள்ளி இணையத்தில்; படம் மட்டும்தான் என் போன் வழியாக அவளுக்குப் போகும். அவள் ஊசியைக் குத்தும் நேரம் பார்த்து டேட்டாவை நிறுத்தினேன். பசறையில் அவள் பார்க்கும் படம் உறையும் என்று கணக்குப் போட்டேன். அவள் பதறுவாள், தோல் கிழியும், பிறகு என் முறை.

இயந்திரக் கை ஊசியோடு அந்தரத்தில் நின்றது. அசையவே இல்லை. மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். பயந்துபோய் டேட்டாவைப் போட்டேன். அவள் மீதித் தையலையும் போட்டு முடித்தாள். அவளையே தேர்ந்தெடுத்தார்கள்.

மறுநாள் பஸ்ஸில், "நல்லா காக்க வச்சடி" என்று சிரித்தாள். தெரிந்துதான் சொன்னாளா?

இப்போது மிஸ், "ஒன்னைவிட்டா யாரு இருக்கா? நீயே கண்காட்சிக்குக் கொண்டு போ" என்கிறார். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் அது மட்டுமா போகும்? இந்த லய வீட்டு வரிசையில் யார் முகத்தில் விழிப்பேன்?

அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, அந்தரத்தில் அசையாமல் நின்ற அந்தக் கைதான். அப்படி நிற்க எனக்கு இன்னும் வரவில்லை. இதை எழுதும்போதுகூட அவள்மீது பொறாமையாக

கதவைத் தட்டுகிறார்கள். அடுத்த லயத்திலிருந்து தர்ஷினியின் அம்மா.

"முழிச்சிருக்கியாம்மா? அவ கொப்பியில ஒம் பேரு போட்டு என்னமோ எழுதியிருக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாதே. கொஞ்சம் வாசிச்சு