முட்டிக்கு அடியில்

செல்லக்கண்ணுவுக்குக் கார்ப்பெட் விரிக்கும் வேலை. துபாய் ஓட்டல்களில் கற்றுக்கொண்டது. கிக்கர் என்று ஒரு கருவி. அதன் பல்முனையைக் கார்ப்பெட்டில் பதித்து, மறுமுனையை முட்டியால் இடித்து இடித்து, சுருக்கம் இல்லாமல் சுவர்வரை தள்ள வேண்டும். இடித்த இடியில் வலது முட்டி தேய்ந்துபோனது. ஊர் திரும்பிய பிறகும் மண்டபம், துணிக்கடை, பல் டாக்டர் கிளினிக் என்று பெரம்பலூர், அரியலூர் இரண்டு பக்கமும் அதே வேலைதான். வேறு வேலை தெரியாது.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு பள்ளிவாசலைப் புதுப்பித்திருந்தார்கள். நிர்வாகி அமானுல்லா போன் செய்து அழைத்தபோது, மனைவி மலர்கொடி பக்கத்திலேயே நின்றாள்.

“டாக்டரு முட்டி போடவே கூடாதுன்னாரு. காதுல விழுந்துச்சா இல்லையா?”

“விழுந்துச்சு. வரேன்னு சொல்லிட்டேன்.”

“நாளைக்கு நடக்க முடியாமப் போச்சுன்னா ஒங்கள யாரு தூக்குறது?”

“கேஸ் சிலிண்டரையே உருட்டிட்டுத்தான வர்ற. என்னையும் உருட்டிக்க.”

அவள் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பள்ளிவாசலில் இருந்த கேள்வி ஒன்றுதான்: கார்ப்பெட்டுக்கு அடியில் எதை விரிப்பது? இரண்டு மாதிரித் துண்டுகள் கொண்டுபோயிருந்தார். ஒன்று தடித்த ஃபோம். இன்னொன்று ஃபெல்ட், அழுத்தி இறுக்கிய மெல்லிய நார் விரிப்பு. அமானுல்லா ஃபோமைக் கையால் அமுக்கிப் பார்த்ததும் முடிவு செய்துவிட்டார்.

“இதையே போட்டுடுங்கண்ணே. வயசானவங்களுக்கு முட்டி வலிக்காது.”

செல்லக்கண்ணு ஃபோம் மேல் முட்டி போட்டார். வலியே இல்லை. ஃபெல்ட் மேல் போட்டார். வலி இடுப்புவரை ஏறியது. ஃபோம் என்றால் கூடம் முழுக்க மெத்தையில் தவழ்ந்தபடி வேலையை முடித்துவிடலாம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் இப்போதெல்லாம் அவர் தன் முட்டியை நம்புவதில்லை. வீங்கிய முட்டிக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் நல்லதாகத்தான் தெரியும்.

“ரெண்டு மேலயும் கார்ப்பெட்டு போட்டு முன்வரிசையில வைக்கிறேன் பாய். சாயங்காலம் அசர் தொழுகை முடியட்டும். பாத்துட்டுச் சொல்றேன்.”

வாசலோரம் உட்கார்ந்து கால்களையே கவனித்தார். ஃபோம் மேல் நின்றவர் காதர் என்ற முதியவர். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்திருந்தார். குனிந்தபோது சிக்கல் இல்லை. எழுந்தபோது பாதம் புதைந்து குதிகால் சாய்ந்தது. தடுமாறிப் பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்தார். ஃபெல்ட் மேல் நின்ற இன்னொரு முதியவர் தானாக எழுந்து நின்றார்.

தொழுகை முடிந்ததும் காதர் கத்தினார். “தொழக் கூப்பிட்டீங்களா, பரிசல்ல ஏத்திவுட்டீங்களாடா?”

அமானுல்லா சிரித்துவிட்டார். செல்லக்கண்ணு ஃபோமைச் சுருட்டினார்.

“இது வேணாம் பாய். குனியிறப்ப சொகம். எந்திரிக்கிறப்பத் தள்ளிவுடுது. ஃபெல்ட்டே போட்டுடலாம்.”

“அதுல முட்டி போட்டப்ப ஒங்க மூஞ்சி போன போக்கப் பாத்தேனேண்ணே. கூடம் பூரா எப்படிப் போடுவீங்க?”

“நான் போட்டுட்டுப் போயிடுவேன். அவரு தெனமும் அஞ்சு வேளை எந்திரிக்கணும்ல.”

வீட்டில் விஷயத்தைச் சொன்னார். மலர்கொடி ஃபோம் துண்டை இரண்டாக வெட்டி, பழைய கைலியைக் கிழித்து நாடா தைத்தாள்.

மறுநாள் அவற்றை முட்டிகளில் கட்டிக்கொண்டு செல்லக்கண்ணு ஃபெல்ட்டை விரிக்கத் தொடங்கினார். தொழுகைக்கு முன்கூட்டியே வந்துவிட்ட காதர் நின்று பார்த்தார்.

“எனக்கு வேணாம்னுட்டு நீ மட்டும் மெத்த கட்டிக்கிட்டியா?”

“நீங்க எந்திரிக்கணும்ங்க. நான் தவழத்தான போறேன்.”

கூடத்தில் பாதி முடிவதற்குள் ஃபோம் அமுங்கித் தகடாகிவிட்டது. நாடாவை அவிழ்த்தார். திருப்பிப் போட்டுக் கட்டிக்கொண்டு மறுபடியும் முட்டி போட்டார்.