பேனருக்கு அட்டைப்படம்

என் நாவலைத் தடை செய்யச் சொன்னவர்கள் அதைப் படிக்கவே இல்லை என்று நான் யாரிடமும் குறைபட்டதில்லை. என் வீட்டுக்காரரே படிக்கவில்லை. கதை என்றால் அவருக்கு இரண்டாம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் அந்த நாவலை முன்னிட்டு இன்றுவரை மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேரில் சொன்னால் கிண்டல் செய்வார்.

நாவல் ஒரு கவுன்சிலரைப் பற்றியது. ரயில்வே லைனுக்குக் கீழே வரப்போகும் சுரங்கப்பாதைக்கு அவர் வருடா வருடம் பூமி பூஜை போடுவார். ஒவ்வொரு பூஜைக்கும் ஒரு கல்வெட்டு. பாதை வராது, கல்வெட்டுகள் மட்டும் சேரும். கடைசியில் ஒரு மழைக்காலத்தில் ஜனங்கள் அந்தக் கற்களை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் கால் வைத்துத் தண்ணீரைத் தாண்டுவார்கள். கவுன்சிலர் உடனே வந்து அதற்கும் ரிப்பன் வெட்டுவார். அவ்வளவுதான் கதை. அம்பத்தூரில் நாலு மழைக்காலம் பார்த்த யாரும் இதை எழுதிவிடலாம்.

எங்கள் பக்கத்துக் கட்சிப் பிரமுகர் ஒருவர் அது தன்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டினார். சத்தியமாக அவரை நினைத்து எழுதவில்லை. ஐந்தாறு பேரைப் போட்டுப் பிசைந்து செய்த ஆள் அது. தன்னைப் போல இருக்கிறது என்று அவருக்கே தோன்றினால் நான் என்ன செய்ய? புத்தகத்தைத் தடை செய்யும் அதிகாரமெல்லாம் அவருக்கு இல்லை. ஆனால் போலீஸில் மனு கொடுத்தார், ஆட்களை விட்டுப் போன் பண்ணச் சொன்னார். கிளை நூலகத்தில் இருந்த பிரதிகள் பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டன. மேலிடத்து உத்தரவா என்று நூலகரிடம் கேட்டேன். "உத்தரவெல்லாம் இல்ல மேடம், எதுக்கு வம்பு" என்றார். நம் ஊரில் முக்கால்வாசித் தடை இந்த 'எதுக்கு வம்பு'தான்.

என் பதிப்பாளர் ஒற்றை ஆளாகப் பதிப்பகம் நடத்துகிறவர். அவருக்கும் மிரட்டல் போன்கள் வந்தன. "நீங்க இருக்கட்டும்னா இருக்கட்டும், வேணாம்னா கடைங்கள்ல இருந்து எடுத்துடறேன். உங்க முடிவுதாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

இந்தச் சமயத்தில்தான் மண்ணூர்பேட்டையில் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கும் தம்பி போன் செய்தான். காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை எல்லாக் கட்சிக்கும் அவன்தான். என் புத்தக வெளியீட்டுக்கும் அவன்தான் பேனர் அடித்தான்.

"அக்கா, உன் புக்கு அட்டைப் படம் கிளியரா கீதா? கொஞ்சம் வாட்ஸ்அப்புல அனுப்பேன்."

"எதுக்குப்பா?"

"உன்னக் கண்டிச்சு பேனர் அடிக்கிறோம்ல, அதுக்குத்தான். அவுங்க குடுத்த போட்டோ ஒரே மங்கலா கீது. பெர்சு பண்ணா பல்லிளிச்சிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி கேட்டேன். பாவம், முழுக்கக் கேட்டுக்கொண்டான்.

"திட்டிக்கோக்கா. ஆனா நடுரோட்டுல உன் புக்கு அசிங்கமா நின்னா உனக்குத்தான கேவலம்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அனுப்பிவிட்டேன்.

பேனரைத் தொழிற்பேட்டைச் சாலையில் கட்டினார்கள். மேலே தலைவர்கள், நடுவில் பிரமுகர் கைகூப்பியபடி, கீழே சிவப்புப் பெருக்கல் குறியோடு என் புத்தகம். தம்பி தொழிலில் சுத்தம். குறியையும் மீறித் தலைப்பும் என் பெயரும் பளிச்சென்று தெரிந்தன, ஓடுகிற பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் பேனருக்கு நேர் எதிரே இருந்தது என் வீட்டுக்காரர் சூப்பர்வைசராக இருந்த கம்பெனி. சின்னக் கம்பெனி, தெருவிளக்குக் கம்பம் செய்கிறவர்கள். பிரமுகர் மாதிரி ஆட்கள் மனது வைத்தால்தான் மாநகராட்சியில் பில் பாஸாகும். எழுதியது யார் என்று அங்கே யாரும் விசாரிக்க வேண்டியதே இல்லை. புத்தகம் வந்த அன்று கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தவர் இவர்தானே.

ஒருநாள் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் திறக்காத டிபன் பாக்ஸ்.

"மொதலாளி கூப்பிட்டாரு" என்றார். "அந்தப் புத்தகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு ஒரு வரி எழுதிக் குடுன்னாரு. அதைக் காட்டிட்டா கட்சிக்காரங்க பேசாம போயிடுவாங்களாம்."

"எழுதிக் குடுத்துட்டு வர வேண்டியதுதானே? உண்மையும் அதுதானே. நீங்க ஒரு பக்கம்கூடப் படிச்சதில்ல."

வீட்டுக் கடன், பெண்ணின் காலேஜ் எல்லாம் என் கண்முன் வந்து நின்றன. அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்?

"விடுங்க, நான் புத்தகத்தையே எடுத்துடறேன். சாயங்காலம் பதிப்பாளர்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.

அவர் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"சம்பந்தம் இல்லைன்னு எப்படி எழுதறது? நாலு வருஷம் காலைல நீ எழுத உக்காந்தப்ப டீ போட்டுக் குடுத்தது யாரு, மொதலாளியா? அவர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"கணக்கு முடிச்சுக்கோன்னாரு. முடிச்சுட்டேன்."

வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியவர் இல்லை என் வீட்டுக்காரர். பஸ்ஸில் சில்லறை பாக்கியைக்கூடக் கேட்டு வாங்கத் தெரியாது. எனக்குக் கோபம் வந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும், அன்று அழத்தான் வந்தது. "அழுதது போதும், சாம்பாரை ஊத்து" என்றார். பிறகு பல மாதம் வீட்டில் இருந்தார். அப்புறம் ஆவடிப் பக்கம் ஒரு லேத் பட்டறையில், குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அன்று சாயங்காலம் பதிப்பாளருக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பதறிப்போய், "அப்ப எடுத்துடலாம்மா" என்றார்.

"வேணாங்க, இருக்கட்டும்" என்றேன். "சம்பந்தம் இருக்குன்னு அவர் சொல்லிட்டு வந்துட்டார். எழுதினவ நான் எப்படி இல்லைன்றது?"