ஊற்றுக்காலில் ஆண் தேடியது

போன வாரம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். சர்க்கரை எட்டிப் பார்க்கும் வயது வந்துவிட்டது, வேறென்ன. லேபில் இருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்ததும் கண் கலங்கிவிட்டது. "இன்னும் குத்தவே இல்லையேம்மா" என்றாள். ஒரு பூச்சியை நினைத்து அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் என் துணி, பை, சாப்பாட்டு டப்பா எல்லாமே ஸ்பிரிட் வாசனைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் நர்ஸ் என்று நினைத்துத் தலைவலிக்கு மாத்திரை கேட்பார்கள். ஒரு பெரியவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போனதும் உண்டு. நான் பிடித்து ஸ்பிரிட் புட்டியில் போட்டுக்கொண்டிருந்தது தண்ணீரின் மேல் வாழும் பூச்சிகள். ஏரியில் நீளக் கால்களை விரித்து வழுக்கிக்கொண்டு போகுமே, நீங்களும் கல்லெறிந்து விரட்டியிருப்பீர்கள். அதற்கு ஒன்றுவிட்ட தங்கை முறையில் ஒரு பூச்சி உண்டு. பச்சைப்பயறு அளவுகூடத் தேறாது. ஓடுகிற தண்ணீரில்தான் இருக்கும். அதன் நடுக்கால் நுனியில் ஒரு குட்டி விசிறி. தண்ணீரை உந்தும்போது விரியும், காலைத் தூக்கினால் மடங்கும். நகம்கூட நுனியில் இருக்காது, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். நுனியில் இருந்தால் தண்ணீரின் மேல்தோல் கிழிந்துபோகுமே! இதையெல்லாம் முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்த அன்று சாப்பிட மறந்துவிட்டேன். நான் சாப்பாட்டை மறக்கிற ஆள் இல்லை.

உத்திரமேரூரிலிருந்து செய்யாற்றுப் பக்கம் போனால் அப்போது ஓர் ஊற்றுக்கால் இருந்தது. ஆற்று மணலில் ஊறும் தண்ணீரை வாய்க்கால் வெட்டி ஏரிக்குக் கொண்டுபோவார்கள். அதைத்தான் அப்படிச் சொல்வார்கள். முட்டியளவு தண்ணீர், அடியில் மணல் பளிச்சென்று தெரியும். அங்கே என் வலையில் விழுந்தவை, அதுவரை எழுதிவைத்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை. முதுகுப் பட்டை வேறு, உணர்கொம்பின் கணுக்கள் வேறு. புது இனம்தான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. ஆனால் கிடைத்தவை அத்தனையும் பெண். இந்தக் கூட்டத்தில் பெண்ணை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது; அக்கா தங்கை எல்லாரும் ஒரே அச்சு. ஆணின் பின்தொடையில் இருக்கும் முள்வரிசையும் உடம்பின் கடைசியில் இருக்கும் கொக்கியும்தான் இன்னார் என்று காட்டிக்கொடுக்கும். என் கைடு போனில் ஒரே வரியில் முடித்துவிட்டார். "ஆண் இல்லாம பேர் வைக்க முடியாதும்மா."

நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி அலமேலு அக்காவிடம் புலம்பினேன். புருஷன் விட்டுப் போனபின் இட்லி விற்றே மகளை வளர்த்தவர். மாவு கரைத்துக்கொண்டிருந்த கையை உதறினார்.

"இன்னாம்மா அநியாயம் இது! எம் பொண்ணுக்கு நான்தான் பேர் வெச்சேன். எந்த ஆம்பள வந்து நின்னான்? பூச்சிக்குக்கூடவா ஆம்பள வோணும்?"

சிரித்தேன். சிரித்துவிட்டு அறைக்குள் போய் அழுதேன். ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்த அவகாசம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. அதைவிடப் பெரிய இடி, ஊற்றுக்காலுக்கு சிமென்ட் போடப்போகிறார்கள். தண்ணீர் வீணாகாதாம். ஏரிப் பக்கத்திலிருந்து பொக்லைன் தோண்டிக்கொண்டே வந்தது. அது மேலே ஏற ஏற, வலையைத் தூக்கிக்கொண்டு நானும் ஆற்றுப் பக்கமாக ஏறினேன். "வா ராசா, ஒருத்தனாவது வாடா" என்று தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சுவேன். வரப்பில் போகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டுமே. உத்திரமேரூரில் நான் வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. "ஆண் கிடைக்கணும்" என்று சொன்னதை அர்ச்சகர் ஆண் குழந்தை என்று எடுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் நட்சத்திரம் கேட்டார். எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை.

கடைசியில் ஒன்று மாட்டியது. கைலென்ஸில் பார்த்தேன். பின்தொடை நன்றாகப் பருத்திருந்தது. ஆண்! ஆனால் பாதத்தில் ஒரு கணு குறைந்தது. இன்னும் வளர்ந்து முடியாத குஞ்சு. கொக்கியும் முள்ளும் கடைசித் தோலை உரித்த பிறகுதான் வரும். அதனால் ஸ்பிரிட்டில் போடாமல் உயிரோடு கொண்டுவந்தேன். அக்கா அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கொடுத்தார். மீன்தொட்டி மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு, கொசுப்புழு பிடித்துப் போட்டேன். அது எதிர்நீச்சல் போட்டுக்கொண்டே தின்றது. ஒரே ஒரு முறை தோல் உரித்தால் போதும். குளிக்கும்போதுகூட அது என்ன செய்கிறதோ என்றே இருந்தது.

மறுபடி ஊற்றுக்காலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. பின்கட்டு ஈரத்தில் அக்கா மண்டிபோட்டுத் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறார்.

"கொசு மருந்துக்காரி வந்தாம்மா. நான் கடையில இருந்தேன். 'ஊரெல்லாம் டெங்கு, நீங்க தொட்டி வெச்சி கொசுப்புயு வளத்துக்கினு கீறீங்களா'ன்னு கத்திக்கினே ஊத்திட்டா. ஓடியாறதுக்குள்ள போச்சு. அவள இன்னா சொல்றது, அவ பொயப்பு அது."

கொசுப்புழுவைத் தின்று தீர்க்கிற பூச்சியைக் கொசுவுக்குப் பயந்து கொட்டியிருக்கிறார்கள். யாரைத் திட்டுவது? நானும் மண்டிபோட்டேன். பொழுது சாயும்வரை அந்த ஈர மண்ணைக் கிளறினோம். ஊர்ந்த எறும்பெல்லாம் அதுவாகத் தெரிந்தது. "இதுவாம்மா? இதுவா?" என்று அக்கா ஒவ்வொன்றையும் விரலில் ஏற்றிக் காட்டுவார். இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மறுநாள் விடிந்ததும் ஓடினேன். பொக்லைனின் இரும்புக் கை வாய்க்காலின் தலைமாட்டுக்கே வந்திருந்தது; தண்ணீர் சேறாகக் கலங்கிக் கிடந்தது. அதில் ஒன்றும் ஓடவில்லை.

அந்த இனத்தை விட்டுவிட்டு ஆய்வேட்டை முடித்தேன். பட்டமும் வந்தது, பள்ளிக்கூட வேலையும் வந்தது. அந்தப் பெண் பூச்சிகள் கல்லூரியில் ஏதோ ஓர் அலமாரியில் புட்டிக்குள் இருக்கும், யாரும் தூக்கிப் போடாமல் இருந்தால்.

போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். வாய்க்கால் நேர்கோடாக நீண்டு கிடக்கிறது. தண்ணீர் இல்லை. ஆற்றில் மணலே இல்லாதபோது ஊற்று எங்கிருந்து வரும்? பக்கத்துக் கழனியில் மோட்டார் போட வந்தவர், நான் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு கிட்டே வந்தார்.

"இன்னாம்மா தேடுறே?"

"இங்க தண்ணி ஓடின காலத்துல, தண்ணி மேல ஒரு கறுப்புப் பூச்சி எதிர்த்து ஓடும். இப்ப எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"அப்பிடி எவ்ளோவோ இருந்துச்சு. நீ எத கேக்குறே? பேர் சொல்லு."

பச்சைப்பயறு அளவுதான் இருக்கும் என்று விரல் நுனியில் காட்டினேன்.

"பேர் சொல்லும்மா" என்றார் மறுபடியும். "பேர் தெரிஞ்சாத்தானே, இருக்குதா இல்லியான்னு சொல்ல முடியும்?"