வேலுச்சாமி மாஸ்டர் வரைந்த மூன்று நாள் வழி

அன்றைக்குக் கிருத்திகை. காலையில் குளித்துவிட்டு, வேலவன் படத்துக்குச் சாத்த வாசல் செடியில் செவ்வரளி பறித்துக்கொண்டிருந்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. வேலுச்சாமி மாஸ்டரின் மனைவி சுமதி. "அக்கா, அவரு போயிட்டாருங்க," என்றாள். "எங்க?" என்று கேட்டுவிட்டேன். நான்கு நாளாக நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதரைப் பற்றி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சுமதி கோபித்துக்கொள்ளவில்லை. அவளும் அதே கேள்வியில்தான் இருந்திருப்பாள் போல.

"ரத்த சொந்தமா என்ன, தீட்டு ஒண்ணுமில்ல. வெளக்கப் பத்த வெச்சுட்டுக் கெளம்பலாம்," என்றார் எங்கள் வீட்டுக்காரர். கை வரவில்லை. பெருமாநல்லூரில் அவர் வீட்டுக்குப் போய், முகத்தைப் பார்த்து, திரும்பி வந்து தலைக்குக் குளித்த பிறகே அன்று விளக்கேற்றினேன்.

இதைப் படிப்பவர்களில் பாதிப்பேருக்கு வேலுச்சாமியைப் பனியன் கம்பெனியின் பேட்டர்ன் மாஸ்டராகத் தெரியும். சட்டையின் முன், பின், கை, கழுத்து என்று ஒவ்வொரு துண்டுக்கும் கம்ப்யூட்டரில் அளவு வரைந்து கொடுப்பவர். இருபது வருடம் அதே நாற்காலி. மீதிப்பேர் எங்கள் நாவல் குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அவர் வேறு ஆள். ஐந்து பாகமாக வந்த ஒரு மாயக்கதை நாவலின் உலகத்தை, ஆறு, மலை, படித்துறை, கோயில் எல்லாவற்றோடும், கம்ப்யூட்டர் விளையாட்டாகச் செய்தவர். முழுதாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே கடையில் விற்கிற ஒரு விளையாட்டை எடுத்து, அதன் ஊர்களையும் ஆட்களையும் மாற்றி, ரசிகர்களே தங்களுக்குப் பிடித்த கதையாக்கி இலவசமாகக் கொடுப்பதை மாட் என்கிறார்கள். எனக்கு அவர் விளக்கியது இப்படி: "வாங்குன டீ-ஷர்ட்டைப் பிரிச்சு நம்மாளு அளவுக்குத் திருப்பித் தைக்கறதுங்கக்கா. துணி அவங்களுது, தையல் நம்முளுது."

அந்தக் கதையில் ஆற்றம்மை கோயில் என்று ஒன்று வரும். படித்துறையிலிருந்து வடக்கே மூன்று நாள் நடை. மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர்ந்தால் கதவு திறந்திருக்கும். பிந்தினால் சாத்திவிடுவார்கள். வாசலில் ஒரு வயதான படகுக்காரன் நின்று, வருகிறவர்களை உள்ளே அழைப்பான். மாஸ்டர் செய்த விளையாட்டில் அந்தப் படகுக்காரனுக்குக் குரல் கொடுத்தவர் மாஸ்டரேதான்.

பால் ஊற்றிவிட்டு வந்த அன்று மதியம் சுமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, அந்தக் கேமுல அவரு பேசறாராமா. நெசமுங்களா?"

"ஆமா கண்ணு. கடைசிக் கோயில் வாசல்ல."

"அங்க என்னால போக முடியுமாங்க?"

அவள் ஏன் கேட்டாள் என்பது எனக்குத் தெரியும். மாஸ்டர் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். வாட்ஸப்பில் கட்டைவிரல் படம் அனுப்புவார், அவ்வளவுதான். கல்யாண வீடியோவில்கூட வாயைத் திறக்கவில்லை. அவர் குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த வாசலில் மட்டும்தான். அந்த வாசலை ஒழுங்காக நடந்து போய் அதுவரை யாருமே அடைந்ததில்லை. அவளிடம் அதை நான் உடனே சொல்லவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவள். வாசிப்பெல்லாம் நானாகப் பழகியது. அந்த நாவலில் பேர்கள் அதிகம். குழம்பக் கூடாதென்று ஒரு நீளநோட்டில் யார் எந்த ஊர், எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எத்தனை நாழிகை நடை, எந்தக் கோயில் எந்தத் திசை பார்த்தது என்று எழுதி வைத்திருந்தேன். "அம்மிணி, அந்த ராணி செத்தது என்ன கெழமைன்னு எழுதியிருக்கற. எங்க மாமன் செத்த திதி எழுதியிருக்கறயா?" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "பின்னட்டைல இருக்குதுங்க," என்பேன். இருந்தது.

மாஸ்டர் முதன்முதலில் தன் வேலையை, பேச்சில்லாமல் படமாக மட்டும், யூடியூபில் போட்டபோது, கீழே நான் எழுதினேன்: இரண்டாம் பாகத்தில் விளக்குத்தூண் கோயிலுக்குக் கிழக்கே இருக்கிறது, நீங்கள் வடக்கே நட்டிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "தூண் மாத்தியாச்சுங்க. நீங்க எந்த ஊருங்க?" அவிநாசி என்றேன். அடுத்த ஞாயிறு சுமதியையும் அழைத்துக்கொண்டு, ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பாவோடு வந்து நின்றார். மெலிந்த உருவம், சட்டைப்பையில் அளவு நாடா. நோட்டைக் கையில் வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மூடி வைத்துவிட்டு, "இது நோட்டு இல்லீங்க, ஸ்பெக் ஷீட்டு," என்றார். கம்பெனியில் ஒரு சட்டையின் அளவெல்லாம் எழுதிய தாளுக்கு அதுதான் பேர். அவர் வாயால் அதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டை நடந்தது. சோதித்துப் பார்க்க மாஸ்டர் நேராகக் கோயிலுக்குள் கொண்டுபோய் நிறுத்திய விளையாட்டு ஆள், ஆற்றம்மை சந்நிதிக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்தான். எனக்கு உடம்பே கூசியது. கதையில் உள்ள அம்மன்தான், யாரோ எழுதியவள்தான். ஆனாலும் மாடத்தில் விளக்கு எரிகிறதே. "தம்பி, செருப்பைக் கழட்டச் சொல்லுங்க," என்றேன். "அது கேமுங்கக்கா, அதுல அப்படியெல்லாம் வராதுங்க," என்றார். "அப்ப வெளக்கை அணைச்சிருங்க." அவர் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பதினைந்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "பாருங்க." எந்தக் கோயில் முற்றத்தில் கால் வைத்தாலும் அந்த ஆள் தானாகக் குனிந்து காலணியைக் கழற்றினான், வெளியே வந்ததும் திரும்ப மாட்டிக்கொண்டான். வெளிநாட்டிலிருந்து விளையாடிப் பார்த்த ஒருவர் இது எதற்கு, நேரம் வீணாகிறதே என்று குழுவில் கேட்டார். மாஸ்டர் பதில் எழுதினார்: "எங்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க. அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

இனிக் கதவு விஷயம். போன ஆடியில் ஒரு நாள் மாஸ்டர் சோர்ந்த முகத்தோடு வந்தார்.

"எவ்வளவு வேகமா நடந்தாலும் கதவு சாத்தித்தான் கெடக்குதுங்கக்கா. ரியாஸ் சூரியன் மறையற நேரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டான். சூரியன் மேல தப்பில்லைங்க."

ரியாஸ் கோயம்புத்தூர்க்காரர்; விளையாட்டின் கணினி நிரலை எழுதியவர். எங்கே தப்பு என்று இருவருக்கும் பிடிபடவில்லை. வரைபடத்தைக் கொண்டு வாருங்கள் என்றேன். கம்பெனியில் பேட்டர்ன் அச்சிடும் பழுப்புத் தாளில் அந்த நாட்டையே சுருளாகக் கொண்டு வந்தார். எங்கள் கூடம் முழுக்க விரித்து, மூலைக்கு ஒரு செம்பு வைத்தோம். நான் நோட்டைப் பார்த்துத் தூரம் சொல்லச் சொல்ல, அவர் மண்டிபோட்டு நாடாவால் அளந்தார். படித்துறையிலிருந்து உப்புக்குடி, கூடுதல். உப்புக்குடியிலிருந்து மணல்மேடு, கூடுதல்.

"தம்பி, வடக்க போற வழியெல்லாம் ஒரே கணக்காக் கூடுது. கெழக்க போறது அந்த அளவுக்குக் கூடலை. ஏனுங்க அப்படி?"

அவர் நாடாவைக் கீழே போட்டார். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கா, படத்தைக் கம்பெனி சாஃப்ட்வேர்ல வரைஞ்சேனுங்க. சுருக்கம் சேத்திப் போட்டிருச்சு!"

பனியன் துணி முதல் துவையலில் சுருங்கும். அதனால் அளவு வரையும்போதே நீளத்தில் ஏழு, அகலத்தில் ஐந்து என்று நூற்றுக்கு இத்தனை கூட்டி வரைவார்கள். மாஸ்டர் பழக்கத்தில் அதை நிறுத்தாமல் விட்டதால், சாஃப்ட்வேர் அந்த நாட்டுக்கும் அப்படியே கூட்டிவிட்டது. மலைக்கு, ஆற்றுக்கு, ஆற்றம்மை கோயில் வழிக்கு.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப அந்த நாட்டை ஒருக்காத் தொவைச்சுக் காயப்போட்டாச் செரியாப் போயிரும்."

மாஸ்டர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, வீட்டுக்காரரே எழுந்து வந்து முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "துணி நம்மளைக் கேட்டுட்டுச் சுருங்காதுங்கக்கா. நாமதான் முன்னாடியே எடம் விட்டு வெக்கோணும். அதே பழக்கமாப் போச்சு."

ஒவ்வொரு மரத்தையும் வீட்டையும் கையால் நகர்த்தித்தான் சரிசெய்ய முடியும் என்றார். முதல் நாள் வழியையும் இரண்டாம் நாள் வழியையும் முடித்தார். மூன்றாம் நாள் வழியைத் தொடுவதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

இவ்வளவையும் சுமதியிடம் சொன்னேன். ரியாஸ் போனில் இருந்தார். "அக்கா, அந்தக் குரலை மட்டும் தனியா எடுத்து அனுப்பிடட்டுங்களா? இல்லைன்னா கதவைத் திறந்தே வெச்சிடறேன், ஒரு நிமிஷ வேலை," என்றார்.

"வேண்டாமுங்க," என்றாள் சுமதி. "எங்க நின்னு பேசறதா அவரு வெச்சாரோ, அங்க போய்த்தான் கேக்கோணும்."

காரியம் முடிந்த மறு ஞாயிறு காலை, மாஸ்டரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். சுமதி பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறவள், கை நிதானம். ஒரு விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆள் நடப்பான். முதல் நாள், இரண்டாம் நாள் சரியாகப் போனோம். மூன்றாம் நாள் வழி ஒன்பது சிறு கோயில்களின் முற்றம் வழியாகப் போகிறது. ஒவ்வொன்றிலும் அந்த ஆள் நின்று, குனிந்து, கழற்றி, மாட்டி. நாங்கள் மலையேறும்போது மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கூட்டிய தூரமும் நான் கேட்ட செருப்பும் சேர்ந்து அவளை வெளியே நிறுத்திவிட்டன. "கண்ணு, எம்மேலதான் தப்பு. அந்தச் செருப்பு விஷயத்தை ரியாஸை எடுத்துறச் சொல்றேன்," என்றேன்.

சுமதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அக்கா, பழனிக்கு நடக்கறப்ப நாம செருப்புப் போடறமாங்க?"

தைப்பூசத்துக்கு அவளும் மாஸ்டரும் வருடாவருடம் பழனிக்கு நடப்பார்கள். வெறுங்காலோடு.

மறுபடி முதலிலிருந்து நடக்கத் தொடங்கினோம். மூன்றாம் நாள் காலை, முதல் கோயிலுக்கு முன்னாலேயே உடுப்பு, செருப்பு மாற்ற அந்த விளையாட்டில் முன்பே இருந்த விசையை அழுத்தி அவளே செருப்பைக் கழற்றினாள்; அப்புறம் மாட்டவில்லை. எந்த முற்றத்திலும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் வழி கல்லும் முள்ளும். உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு குறைந்துகொண்டே வந்தது. "போதும் கண்ணு, கொஞ்சம் மாட்டிக்க," என்றேன். "காலு பொறுத்துக்குமுங்க," என்றாள். விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. நான் சத்தமில்லாமல் கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சிவப்புக் கோடு ஒரு நகக்கண் அளவு இருந்தபோது மலைமேல் ஏறினோம். சூரியன் இன்னும் விழவில்லை. கதவு திறந்திருந்தது.

படகுக்காரன் திரும்பினான். நாவலில் அவன் செந்தமிழ் பேசுவான். மாஸ்டருக்கு அது வாயில் வரவில்லை.

"வந்துட்டீங்களா? வெயில்ல வந்திருக்கறீங்க. மெதுவா வாங்க, கதவை இப்பச் சாத்த மாட்டாங்க."

சுமதி விசையிலிருந்து கையை எடுத்தாள். "வந்துட்டனுங்க," என்றாள்.

வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தோம். நேரம் போய் அந்த மலையில் இருட்டியது. உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது.

மூன்றாம் நாள் வழியைக் குறைக்க வேண்டாம் என்று குழுவிடம் கேட்டுக்கொண்டேன். ரியாஸ் ஒத்துக்கொண்டார். மாஸ்டர் விட்டு வைத்த இடம் அது, அப்படியே இருக்கட்டும்.

என்னிடம் இருப்பது அந்தப் பழுப்புத் தாள். மடித்து, பூசை அலமாரியின் கீழ்த்தட்டில், சாம்பிராணி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அப்புறம் என் நோட்டு. ஆற்றம்மை கோயில் பக்கத்தில், மூன்றாம் நாள் என்று எழுதியதற்கு நேராக இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: வெறுங்காலோடு போனால் சேரலாம். சுமதி போய்ச் சேர்ந்தாள்.