தடித்த ரப்பர், மெலிந்த செம்பு

தேர்வாய் கண்டிகையில் குடோன் அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் எங்கள் பொக்லைன் நின்றுபோனது. பேட்டரி டவுன். விடிந்ததிலிருந்து விடாத மழை. தண்ணீர் வண்டியின் சக்கரச் செயினைத் தொட்டுவிட்டது.

அந்த மாதிரி வண்டிகளை வாடகைக்கு விடும் கம்பெனியில் நான் எலக்ட்ரீஷியன். வண்டியின் ஆபரேட்டர் காசிம் பாய், பழவேற்காட்டுக்காரர். கடை வைத்துப் பிழைக்கும் குடும்பத்தில் லீவர் பிடிக்க வந்தவர் அவர் ஒருவர்தான்.

சைட் சூப்பர்வைசர் பாபு ஒரு டிப்பரைப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, புது ஜம்பர் கேபிளை நீட்டினார். பார்க்கத் தடியாகத்தான் இருந்தது. கிளிப்பின் பிடியை விலக்கிப் பார்த்தேன். தடிமன் எல்லாம் ரப்பர். உள்ளே இருந்தது செம்புப் பூச்சு போட்ட மெல்லிய அலுமினியக் கம்பி.

“இது காருக்கு சார். இந்த இன்ஜினுக்குத் தாங்காது. பக்கத்து சைட்டுல நல்ல கேபிள் கீது, எட்னு வந்துடறேன். அதுவரைக்கும் மாட்டாதீங்க” என்றேன்.

“தண்ணி ஏறிக்கினே வருது, நீ இன்னாபா ஊரு சுத்தறேன்ற?” என்று பாபு கத்தினார்.

நான் சேற்றில் ஓடினேன். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது டயர் வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது.

நடந்ததை டிப்பர் டிரைவர் சொன்னார். நான் போனதும் பாபு அதே கேபிளை மாட்ட வைத்திருக்கிறார். செல்ஃப் அடித்தபோது இன்ஜின் சுற்றவில்லை, கேபிள்தான் புகைந்தது. ஸ்பிரிங் தளர்ந்து கிளிப் நழுவியது. பாய் குனிந்து, கிளிப்பைக் கையால் டெர்மினலில் அழுத்தினார். பொறி பறந்தது. பேட்டரியிலிருந்து வந்த கேஸ் பற்றி, மேல்மூடி பிளந்து, ஆசிட் முகத்தில் அடித்தது.

குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து அவர் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தேன். “எரியுதுபா, வலது பக்கம் ஒண்ணும் தெரியல” என்றார். சைட் இன்ஜினியரின் காரில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

வெடித்த பேட்டரியைக் கழற்றிவிட்டு, நான் கொண்டுவந்த கேபிளால் டிப்பரிலிருந்து நேராக லைன் கொடுத்தேன். முதல் செல்ஃபிலேயே இன்ஜின் பிடித்தது. பாபு மழையில் நனைந்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் கண்ணில் கட்டோடு படுத்திருந்தார்.

“வண்டி மேல வந்துச்சா செல்வம்?”

“வந்துடுச்சு பாய்.”

“நீ எட்னு வந்த கேபிள்லயா?”

“ஆமா பாய்.”

கண் கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு, “முழுகினா வண்டிதானே முழுகியிருக்கும். நீ வர்ற வரைக்கும் நின்னிருக்கலாம்பா” என்றார்.

அந்தக் கண் திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணோடு இருப்பவரை யாரும் பொக்லைனில் ஏற்றவில்லை. இப்போது அண்ணன் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கனரக வண்டிக்கு ஜம்பர் கேபிள் வாங்கும்போது ரப்பரைப் பார்க்காதீர்கள். கம்பி முழுச் செம்பா, எழுபது ஸ்கொயர் எம்.எம். இருக்கிறதா என்று பாருங்கள். கிளிப்பின் இரண்டு தாடையிலும் செம்பு வேண்டும். ஸ்பிரிங் கையை வலிக்க வைக்க வேண்டும். கடைசி நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, வண்டியின் இரும்புச் சட்டமான சேஸிஸில் மாட்டுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள்.

எங்கள் வண்டிகள் எல்லாவற்றிலும் பேட்டரிப் பெட்டிக்கு வெளியே, பாடியில், மூடி வைத்த பிளக் கனெக்டர் பொருத்திவிட்டேன். கேபிளைக் கொண்டுவந்து செருகினால் போதும். பேட்டரி மேல் இனி யாரும் குனிய வேண்டியதில்லை.