கூட்டம் கத்தும் கசெட்

எழுபதுகளின் கடைசியில் ஹட்டனைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் ஒரு ஆங்கில ராக் பாடகருக்கு ஒரே ஒரு ரசிகன்தான் இருந்தான். அது நான். போட்டிக்கு ஆள் இல்லாததால் ரசிகர் மன்றத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாப் பதவிகளுக்கும் நானே ஏகமனதாகத் தெரிவானேன். அந்தப் பாடகரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் உங்களில் பாதிப் பேர் "அவரா?" என்று முகம் சுளிப்பீர்கள், மீதிப் பேர் "அவர் யார்?" என்று கேட்பீர்கள். இரண்டாவது கேள்விக்கு அந்த நாளிலேயே பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

நான் சாதாரண ரசிகனும் இல்லை. கம்பெனிகள் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கேட்கிறவர்களை நான் மனித வர்க்கத்தில் சேர்ப்பதில்லை. நான் சேர்த்தவை அவருடைய மேடைக் கச்சேரிகள். கூட்டத்தில் யாரோ கோட்டுக்குள் ரெக்கோடரை ஒளித்துக்கொண்டு போய்த் திருட்டுத்தனமாகப் பதிந்தவை, பிறகு கைமாறிக் கைமாறிப் பிரதி எடுக்கப்பட்டவை. அப்படிப்பட்ட கசெட்டுகளைச் சட்டப்படி விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது. கேட்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

முதல் கசெட் மலையடிவாரத்தில் உள்ள நல்லதண்ணி என்ற ஊரில் கிடைத்தது. நான் அப்போது தோட்டப் பாடசாலையில் புதிதாகச் சேர்ந்த வாத்தியார். யாத்திரை சீசனில் மலையேறப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து ரொட்டிக் கடையில் ஒரு வெள்ளைக்காரர் மெல்லிய பருத்திச் சட்டையோடு உட்கார்ந்து பற்கள் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தார். இலங்கை வெயில் நாடு என்று யாரோ அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர் கண் என் கம்பளித் தொப்பி மேல் இருந்தது, என் கண் அவருடைய பைக்குள் தெரிந்த கசெட் மேல் இருந்தது. கசெட்டில் என் பாடகரின் பெயரும் ஏதோ ஒரு நகரத்தின் பெயரும் பேனாவால் எழுதப்பட்டிருந்தன. அரை மணி நேரத்தில் அவருக்குக் காது சூடாகிவிட்டது. எனக்குத்தான் அன்று மலை உச்சி வரைக்கும் காது வலி.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். முதல் பத்து நிமிடம் யாரோ இருமினார். பிறகு ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை என்று நினைக்கிறேன். அதற்கும் அப்பால், இறம்பொடை அருவிக்கு இந்தப் பக்கம் நாம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் பாடுகிறவரைக் கேட்கிற மாதிரி, என் பாடகர் பாடினார். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து கத்தினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. இசைத்தட்டில் பாட்டு மட்டும்தானே இருக்கும், இதில் மக்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாட்டு கேட்காத குறைக்கு வேறு என்ன சமாதானம் சொல்வது?

கசெட்டின் உறைக்குள் ஒரு விலாசம் இருந்தது. எழுதிப் போட்டேன். வெளிநாட்டில் இப்படிச் சேர்க்கிறவர்கள் ஒரு சங்கிலி மாதிரி இருக்கிறார்கள் என்றும், பதிலுக்கு நானும் ஏதாவது கச்சேரி அனுப்ப வேண்டும் என்றும் பதில் வந்தது. என் பாடகர் ஹட்டனுக்கு வந்து கச்சேரி வைக்கும் திட்டம் அதுவரை அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அதனால் நான் தேயிலை அனுப்பினேன். தோட்டத்தில் ஆட்களுக்குக் கொடுக்கிற தூள், நல்லதையெல்லாம் சலித்துக் கப்பலுக்கு அனுப்பிய பிறகு கீழே தங்குவது. அதை ஒரு அழகான டப்பாவில் போட்டு, மலையின் பெயரை எழுதி அனுப்பினேன். இப்படி ஒரு மணத்தைத் தான் அறிந்ததே இல்லை என்று அந்த மனிதர் எழுதினார். உண்மையாகத்தான் இருக்கும். அவர் பதிலுக்கு அனுப்பியது பிரதிக்குப் பிரதி எடுத்து ஏழெட்டுக் கை மாறிய கசெட். நானும் இப்படி ஒரு துல்லியத்தைக் கேட்டதே இல்லை என்று எழுதினேன். எங்கள் நட்பு பல வருடம் இப்படி நேர்மையாக நடந்தது.

கசெட்டுகளைப் பாடசாலையின் பழைய வரவு இடாப்பு ஒன்றில் பதிந்து வைத்தேன். பிள்ளைகளின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் நகரங்களின் பெயர். ஹட்டன் டவுனில் படப்பாட்டு பதிந்து கொடுக்கிற கடைக்காரரிடம் ஒருமுறை பிரதி எடுக்கக் கொண்டுபோனேன். அவர் கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்.

"மாஸ்டர், இதுல பாட்டு எங்க இருக்கு?"

"பின்னால கேக்குது பாருங்க."

"ஆளுங்க கத்துறதுதான் கேக்குது. இதப் பதிய நம்ம ஸ்டேண்டுல கடைசி பஸ்ஸு வர்ற நேரத்துல மைக்கப் புடிச்சாப் போதுமே."

ரசனை இல்லாதவர்களோடு வாதாடக்கூடாது என்று நான் கசெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எண்பத்திரண்டில் பாடசாலைக்குக் கிட்ட லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடு ஒன்றுக்கு மாறினேன். லயத்தில் காம்பராக்களை, அதாவது அறைகளை, பிரிக்கும் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை என்பதால் பக்கத்துக் காம்பராக்காரர் என் கச்சேரிகளுக்கு நிரந்தர ரசிகரானார், அவர் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த அமைதியான மனிதர். "ஸ்டேசன் புடிக்கலீங்களா மாஸ்டர்?" என்று ஆரம்பத்தில் இரண்டு தடவை கேட்டார், பிறகு விட்டுவிட்டார். அவருடைய மனைவி நான் வருவதற்கு முந்திய வருடமே வீட்டுவேலைக்குக் குவைத் போயிருந்தார். மகள் என் வகுப்பில் படித்தாள், ஆறு வயது.

அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவர்கள் வீட்டுக் கடிதம் ஒரு கசெட். அவர் அங்கே சமையலறையில் இருந்த பெட்டியில் பேசி அனுப்புவார். இவர்கள் கேட்டுவிட்டு, அதே கசெட்டில் அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காத மாதிரி. அந்த லயத்தில் கசெட் ரேடியோ என்னிடம்தான் இருந்தது, ஆகவே பதிகிற உத்தியோகமும் என்னிடம் வந்தது. முதல் தடவை நான் மைக்கைப் பிடித்த பிடியைப் பார்த்திருந்தால் என் பாடகரே பொறாமைப்பட்டிருப்பார்.

பிறகு எண்பத்து மூன்று ஆடி வந்தது. அதைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டவுன்களில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. எங்கள் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை, வருவார்கள் என்று மட்டும் தினமும் சொன்னார்கள். குவைத்திலும் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து லீவில் திரும்பிய ஒரு பெண் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு வந்து, "புள்ள கொரலக் கேக்கணும்னு அழுவுறாங்க. நான் நாளன்னைக்கித் திரும்பிப் போறேன், பேசிக் குடுங்க" என்று பக்கத்துக் காம்பராக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வழக்கமான கசெட் குவைத்தில் இருந்தது. ஹட்டனில் வெற்றுக் கசெட் விற்ற கடை திறக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் என் வாசலில் வந்து நின்றார். என் அலுமாரியைப் பார்த்தார். அதில் என் கசெட்டுகள் வரிசையாக நின்றன.

அந்த நிமிடத்தில் நான் எப்படிப்பட்ட மனிதன் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அலுமாரிக்கு முன்னால் நின்று, எதை இழக்கலாம் என்று இருபது நிமிடம் யோசித்தேன். கடைசியில் இருப்பதிலேயே மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எனக்கே வெட்கமாக இருந்த பதிவு அது. பாட்டு சுத்தமாகக் கேட்காது, கூட்டம் மட்டும் கேட்கும். அதையும் முழுதாகக் கொடுக்க மனம் வரவில்லை. பிள்ளை இரண்டு நிமிடம் பேசினால் இரண்டு நிமிடம்தானே அழியும், மீதிக் கச்சேரி கசெட் திரும்பி வரும்போது எனக்கு மிஞ்சுமே என்று கணக்குப் போட்டேன். "கேட்டுட்டுக் கட்டாயம் திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார், கையெடுத்துக் கும்பிடவும் செய்தார்.

பிள்ளையை உட்கார வைத்துப் பொத்தானை அழுத்தினேன். அவள் பாடம் ஒப்பிப்பது போல ஆரம்பித்தாள்.

"அம்மா, நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். இங்க ஒரு பிரச்சினையும் இல்ல. அப்பா ஸ்டோருக்குப் போறாங்க. ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. நீங்க எப்ப வர்றீங்க? அம்மா..."

அவள் உதடு கோணியது. அழுகிற சத்தம் அந்த அம்மாவுக்குப் போகக்கூடாது என்று சட்டென்று நிறுத்திவிட்டேன். அது நான் அன்று செய்த ஒரே நல்ல காரியம் என்று நினைத்தேன். பெட்டரி வீணாகும் என்று திருப்பிப் போட்டும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துத் தோட்டத்து ஒபிஸுக்குக் குவைத்திலிருந்து தந்தி வந்தது. பெரிய கிளாக்கர் பக்கத்துக் காம்பராக்காரரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று கேட்டிருந்தது. எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. இப்போதுதானே பிள்ளையே பேசி அனுப்பினாள் என்றோம். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கற்பனை அதிகம் என்று நான் விளக்கம் கொடுத்தேன். பதில் தந்தியை நான்தான் எழுதினேன், எல்லாரும் நலம் என்று, பிழையில்லாத ஆங்கிலத்தில். அந்த ஆங்கிலத்தைப் பெரிய கிளாக்கர் பாராட்டினார்.

அடுத்த மாதம் ஒரு காலை, நான் மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் வகுப்பு வாசலில் நின்றார். கையில் ஒரு பை மட்டும் இருந்தது, காலெல்லாம் சேறு. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டாவது வரிசையில் கண் நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, பயந்து என் பின்னால் வந்து ஒளிந்துகொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது போல ஒரு கஷ்டம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

இரண்டாவது ஒப்பந்தம் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அனுப்பு அனுப்பு என்று குவைத் வீட்டம்மாவிடம் கெஞ்சியிருக்கிறார், பிறகு சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். கடைசியில் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

பின்னேரம் புருஷனோடு என் காம்பராவுக்கு வந்தார். பையிலிருந்து கசெட்டை எடுத்து மேசையில் வைத்தார். திருப்பி அனுப்பச் சொல்லியிருந்தேன் அல்லவா, கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

"இதப் போடுங்க மாஸ்டர்."

போட்டேன். பிள்ளை பேசினாள். ஆடு குட்டி போட்டது. "அம்மா..." என்றாள். அடுத்த நொடி ஆயிரக்கணக்கான ஆண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். விசில் பறந்தது. டமார் என்று ஏதோ வெடித்தது, முரசாக இருக்கும். மைக்குக்கு மிகக் கிட்ட ஒரு பெண் வீறிட்டாள். பிள்ளையின் குரல் அதற்குப் பிறகு இல்லை.

பல நூறு தடவை கேட்ட சத்தத்தை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நிறுத்தப் போனேன். அந்த அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வீட்டம்மா தொழுகைக்குப் போன பொறகு கேப்பேன். இந்த எடத்துல புள்ள சத்தம் நின்னுரும். அதுக்கு மேல புள்ளையத் தேடித் தேடிக் கேப்பேன், இருக்கவே மாட்டா. நீங்க அடிச்ச தந்தி வந்திச்சு. தந்தி யாரு வேணும்னாலும் அடிக்கலாந்தானே."

நான் சொல்ல ஆரம்பித்தேன். இது ஒரு பாட்டுக் கச்சேரி, இவர் ஒரு பெரிய பாடகர், இவர்கள் எல்லாம் அவருடைய ரசிகர்கள், கசெட்டின் மிச்சத்தை நான் அழிக்காமல் விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது. என்னென்னவோ சொன்னேன். என் வாத்தியார்த் தமிழெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப இவங்க யாரையும் அடிக்கலையா?"

"இல்லைங்க. சந்தோசத்துல கத்துறாங்க."

பெட்டியில் கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்து, சொன்னதைச் சரிபார்க்கிறவர் மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார்.

"எழுபத்தேழு கலவரத்துல நாங்க முந்தி இருந்த தோட்டத்து லயத்த எரிக்கிறப்ப, தேயிலைக்குள்ள படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தேன், மாஸ்டர்" என்றார். "அவங்களும் சந்தோசமாத்தான் கத்துனாங்க."