மாற்றாத எண்ணெய்

கறாரக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லையே என்று அவள் கடைக்கு எதிரிலேயே நின்றுகொண்டு கையை விரித்துவிடுவார்கள். பேரம் கிடையாது, கடன் கிடையாது, சில்லறை இல்லையென்றால் போய் மாற்றிக்கொண்டு வா. ஆனால் பொட்டலத்தைப் பிரித்த பிறகு அவளை வைதவர் கிடையாது. உள்ளங்கை அகலத்துக்கு மாவில் தோய்த்துப் பொரித்த மீன், பக்கத்தில் ஒரு கை வறுத்த உருளைக்கிழங்கு, மேலே உப்பு. உட்கார நாற்காலி இல்லை. ஜன்னலில் வாங்கு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு. மாமியார் காலத்திலிருந்து அதே ஜன்னல், அதே மீன்.

சட்டி முன்னால் வருஷக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு ஒரு கேடு உண்டு. மூக்கு செத்துப்போகும். அவளுக்கு முதலில் எண்ணெய் வாடை தெரியாமல் போனது, பிறகு எந்த வாடையுமே தெரியாமல் போனது. கட்டிக்கொடுத்த மகள் ஒருமுறை வாசனை சோப்பு வாங்கி வந்தபோது, எனக்கு எதுக்குடி இது, காசைக் கரியாக்காதே என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். நாக்கும் மூக்கோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. பொரித்த துண்டை வாயில் போட்டால் சூடு தெரியும், உப்பு தெரியும், மற்றபடி அட்டையை மென்றாலும் அவளுக்கு ஒன்றுதான்.

அதனால் எண்ணெய்க்குக் காவல் அவள் புருஷன். விடியுமுன் சந்தைக்குப் போய் மீனோடு திரும்புவார். வெளிக்காற்றில் வந்த மூக்கு. அதற்குள் அவள் சட்டியைச் சூடேற்றியிருப்பாள். கூடையை இறக்குவதற்கு முன்பே வாசலில் நின்று மூச்சை ஒருதரம் இழுப்பார். மாத்து என்றால் பழசைக் கொட்டிவிட்டுப் புது டின்னை உடைப்பாள். இருக்கட்டும் என்றால் அன்றைக்கு அதுவே ஓடும். மாமியாருக்கு மாமனார் செய்த வேலை அது. நாள் பார்த்து எண்ணெய் மாற்றுகிற பழக்கம் அந்த வீட்டிலேயே இல்லை. கல்யாணமான புதிதில், இந்த மனுஷனுக்கு மோப்பம் பிடிக்கிறதைத் தவிர வேறு உத்தியோகம் தெரியாது என்று கேலி செய்வாள். அவரும் சிரித்துக்கொள்வார்.

பிறகுதான் சனியன் பிடித்த காலம் வந்தது. முதலில் எண்ணெய் விலை ஏறியது. அதைப் பார்த்து மீன் ஏறியது, கிழங்கு ஏறியது, கேஸ் ஏறியது. பொட்டலம் கட்டுகிற வெற்றுக் காகிதத்துக்குக்கூட விலை ஏறிவிட்டது. கடைச் சொந்தக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? வாடகையை ஏற்றினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பழைய விலைக்கே கொடுத்தாள். கைமுதலே கரையத் தொடங்கிய பிறகுதான் விலைப்பலகையை அழித்து எழுதினாள். ஊருக்கெல்லாம் கறாராகப் பேசுகிறவள், அன்றைக்கு வந்தவர்கள் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே பொட்டலம் கட்டினாள்.

ஏற்கெனவே இளைத்திருந்த கூட்டம் அதோடு வற்றிப்போனது. எல்லாம் விலை செய்த வேலை என்று அவள் நம்பினாள். சட்டைக்கும் செருப்புக்கும் கேட்ட விலை கொடுக்கிறான், மீனுக்குக் கொடுக்க மட்டும் இவனுக்கு வலிக்கிறது என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் மனசுக்குள் கரித்துக்கொட்டினாள். விடாமல் வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். மருத்துவமனை நர்ஸ், பள்ளிக்கூட வாட்ச்மேன், இப்படி. அவர்கள்மேல் அவளுக்கு உயிர். வாழ்நாளில் முதல்முறையாகக் கறாரை விட்டு, கேளாமலே கூட ஒரு துண்டு வைத்தாள். வேண்டாம்மா, இதுவே அதிகம் என்று வாட்ச்மேன் கையை மறிப்பார். நம்ம கஷ்டம் தெரிந்த மனுஷன் என்று அவள் உருகிப்போவாள்.

புருஷனும் தினம் வாசலில் நின்று மோந்தார். இருக்கட்டும், கொஞ்சம் புதுசு ஊத்திக்க என்றார். வியாபாரம் படுத்துவிட்டது, அதனால் எண்ணெய் தாங்குகிறது, அதுவரைக்கும் லாபம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எதிர்வரிசைத் தையல்காரர் வாராவாரம் வீட்டுக்கே வாங்கிப்போகிறவர். இப்போதெல்லாம் ரொட்டிப் பையோடு எதிர் ஓரமாகவே போனார். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலை விட்டு வெளியே வந்து வழியை மறித்துக்கொண்டாள்.

“நாலு காசு கூடக் கேட்டேன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போறீங்களே அண்ணே. ஏத்தினது நானா?”

அவர் நழுவப் பார்த்தார். வேலை இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றார். அவள் விடவில்லை.

“விலைக்காக இல்லம்மா,” என்றார் கடைசியில். “இன்னும் கூட ஏத்தியிருந்தாலும் வாங்கியிருப்பேன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது. பேரப்பிள்ளை ஒரு வாய் வச்சுட்டுத் துப்பிடுச்சு. நீ விலை ஏத்துறதுக்கு முன்னாடியே இப்படித்தான்.”

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்க வீட்டுக்காரர் தினம் பார்த்துத்தானே சொல்கிறார் என்றாள்.

தையல்காரர் தரையைப் பார்த்தார். “அவர்கிட்ட அப்பவே சொன்னேனேம்மா.”

அவள் உள்ளே போனபோது புருஷன் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டாள். மறுப்பார் என்று எதிர்பார்த்தாள், மறுத்திருந்தால் நம்பியும் இருப்பாள். அவர் மறுக்கவில்லை.

“மாத்துன்னு ஒரு வார்த்தை சொன்னா நீ அப்படியே கொட்டிடுவ,” என்றார். “புது டின்னுக்கு எங்க போறது? இன்னைக்கு ஒருநாள், இன்னைக்கு ஒருநாள்னு ஓட்டினேன்.”

“சொல்லியிருந்தா கடையை மூடியிருப்பேன்.”

“அதனாலதான் சொல்லல. மூடிட்டு என்ன பண்றது?”

கத்தித் தீர்த்துவிடலாம் என்று வந்தவள், கூடையைத் தேய்க்கிற அந்தக் கையைப் பார்த்ததும் ஓய்ந்துபோனாள். தினமும் அந்த நாற்றத்தை மூக்குமுட்ட வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் பொய் சொல்லியிருக்கிறார். அவரை வெறுக்கவும் முடியவில்லை, பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை. அவ்வளவு மோசமென்றால் மிச்சம் பேர் மட்டும் எப்படி வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாள்.

“சாப்பிடறாங்கன்னு யார் சொன்னா?” என்றார் அவர் நிமிராமலே. “வாட்ச்மேன் திருப்பத்துல நாய்க்குப் போட்டுட்டுப் போறார். நானே பாத்திருக்கேன்.”

கூட வைத்த துண்டுகளெல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. வியாபாரம் என்று நினைத்தாளே, அது அத்தனையும் பிச்சை.

மறுநாள் அவர் சந்தைக்குப் போகவில்லை. போ என்று அவளும் சொல்லவில்லை. அடுப்பு மூட்டாமல் ஜன்னலை மட்டும் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள், வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டுமே என்று. சாயங்காலம் வாட்ச்மேன் வந்தார். ஏறின விலைக்குச் சரியாகச் சில்லறையை எண்ணிக் கையில் வைத்திருந்தார்.

“இன்னைக்கு இல்லண்ணே,” என்றாள். “இனிமேலும் இல்ல. கடையை எடுத்துட்டோம்.”

அடடா என்றார் அவர். உடம்பைப் பார்த்துக்கோம்மா என்றார். அவர் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் தெரிகிறதா என்று அவள் உற்றுப் பார்த்தாள். எவ்வளவு மறைத்தும் அந்த நல்ல மனுஷர் முகத்தில் தெரிந்தது நிம்மதி.